அவனுக்குக் கொடு, அவனிடம் கொடு: கொடுக்கும் வினைகளைப் பற்றி ஓர் இழை

வாசகர் கேள்வி, 3 ஜூன்

தமிழில் இருசெயப்படுபொருள் வினை என்று எதுவும் இல்லை என்பது என் கருத்து. ஆங்கிலத்தில் ‘கிவ் ஹிம் எ புக்’ என்றால் ஆளும் பொருளும் எந்த ஒட்டும் இல்லாமல் வினைக்குப் பின்னால் நிற்கின்றன. தமிழில் புத்தகம் ஒன்றுதான் செயப்படுபொருள். ‘அவனுக்கு’ என்பதில் உள்ள கு வெறும் திசை காட்டுகிறது. வீட்டுக்குப் போனான், அவனுக்குக் கொடுத்தான், இரண்டிலும் அதே கு. ஆளையும் ஓர் இடம் போலத்தான் தமிழ் பார்க்கிறது. தவறு என்றால் சொல்லுங்கள்.

4 ஜூன், காலை

முதல் பாதியை அப்புறம் பார்க்கலாம். கு வெறும் திசை என்பதை மட்டும் இப்போதே மறுக்கிறேன். ‘வீட்டுக்குப் போனான்’, சரி. ‘அவனுக்குப் போனான்’ என்று சொல்லிப் பாருங்கள், வாயில் வராது. ‘அவனிடம் போனான்’ என்றுதான் வரும். கு திசைக்கு உரியது என்றால் ஆளை நோக்கிப் போகும்போதும் அது வந்திருக்க வேண்டுமே. வீட்டோடு சேரும் கு ஒரு வேலை செய்கிறது, ஆளோடு சேரும் கு வேறொன்று செய்கிறது.

4 ஜூன், இரவு

காலையில் அவசரப்பட்டுவிட்டேன். ‘கடிதம் அவனுக்குப் போனது.’ ‘செய்தி அவளுக்குப் போய்ச் சேர்ந்தது.’ இங்கே போ என்ற வினையோடுதானே ஆளும் கு-வும் சேர்ந்து வருகின்றன? ஆக, போ-வோடு ஆள் கு ஏற்காது என்று நான் சொன்னது தவறு.

ஆனால் போவது எது என்று பாருங்கள். கடிதம் போகிறது, அதை அவன் பெறுகிறான். நான் அவனிடம் போகும்போது அவன் என்னைப் பெறுவதில்லை. வினை எதுவாக இருந்தாலும், ஆளோடு கு வந்தால் அந்த ஆள் எதையோ பெறுகிறார். இப்படித் திருத்திக்கொள்கிறேன்.

தொல்காப்பியம் நான்காம் வேற்றுமையை அறிமுகப்படுத்தும் நூற்பாவும் இதைத்தான் சொல்கிறது: ‘கு எனப் பெயரிய வேற்றுமைக் கிளவி எப்பொருள் ஆயினும் கொள்ளும் அதுவே’. எந்தப் பொருளானாலும் அதைக் கொள்வது. திசையை முதலில் வைக்கவில்லை, கொள்ளுதலை வைத்திருக்கிறது. நன்னூல் இந்த வேற்றுமைக்குப் பொருள்களை அடுக்கும்போதும் முதல் சொல் ‘கொடை’. லத்தீன் இலக்கணத்திலும் இந்த வேற்றுமையின் பெயர் கொடுத்தல் என்ற வினையிலிருந்தே பிறந்தது.

5 ஜூன்

நேற்று முழுக்க ‘அவனிடம்’ என்ற சொல் மனதில் சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்குக் காரணம் ஒரு பழைய அனுபவம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுகதையை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். மருத்துவமனையில் ஒரு தாய் கை கழுவப் போகிறாள். போகும் முன் குழந்தையை அருகில் இருந்த செவிலியின் கையில் தருகிறாள். நான் ‘குழந்தையைச் செவிலிக்குக் கொடுத்தாள்’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த நண்பர் அந்த வரியில் நின்றுவிட்டார். ‘தத்துக் கொடுத்துவிட்டாளா? கதையில் அது வரவில்லையே’ என்று கேட்டார். ‘செவிலியிடம் கொடுத்தாள்’ என்று மாற்றினேன். மூன்றே எழுத்துகள் மாறியதும் தாய் மறுபடியும் தாயானாள்.

அன்று இதை நடை சார்ந்த திருத்தம் என்றுதான் நினைத்தேன். இது இலக்கணம் என்று புரிய எனக்கு நாளாயிற்று. ‘அவளுக்குக் கொடு’ என்றால் பொருள் அவளுடையதாகிறது. ‘அவளிடம் கொடு’ என்றால் பொருள் அவள் கைக்குப் போகிறது, யாருடையது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. ஒரே வாக்கியத்தில் இரண்டையும் வைக்கலாம்: ‘பணத்தை அவனிடம் கொடுத்தேன், அவளுக்குக் கொடுக்கச் சொல்லி.’ இடம் மாற்றி வைத்தால் அர்த்தம் குழம்பிவிடும்.

6 ஜூன்

நேற்றைய குறிப்புக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது. கொடுப்பதை விட்டுவிட்டு, கொடுத்த பிறகு இருக்கும் நிலையைப் பாருங்கள்.

‘எனக்கு இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள்.’ ‘என்னிடம் இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘என்னிடம் உங்கள் பேனா இருக்கிறது.’ ‘எனக்கு உங்கள் பேனா இருக்கிறது’ என்றால் தமிழே இல்லை. உறவும் உரிமையும் கு-வோடு, கைவசம் இருப்பது இடத்தோடு.

இப்போது கொடு-வைச் சேருங்கள். அவனுக்குக் கொடுத்தால் அது அவனுக்கு இருக்கும், அவனிடம் கொடுத்தால் அது அவனிடம் இருக்கும். கொடுக்கும் வினை, இருக்கும் நிலையை உண்டாக்கும் வினை. எந்த வகை இருத்தலை உண்டாக்குகிறோமோ அதற்கேற்ற உருபு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது. இதைக் கண்டதும் எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிறந்ததிலிருந்து பேசும் மொழி, ஒரு நாளும் கவனித்ததில்லை.

8 ஜூன்

கேள்வியில் ஆங்கிலம் வந்ததால் அதையும் பார்த்துவிடலாம். அங்கே இரண்டு வழிகள் உண்டு. ஆளை வினைக்கு அடுத்து வெறுமனே வைப்பது ஒன்று, பொருளை முதலில் வைத்து ஆளை ‘டு’ போட்டுப் பின்னால் தள்ளுவது மற்றொன்று. பெரும்பாலும் எதைச் சொன்னாலும் நடக்கும், சில இடங்களில்தான் வேறுபாடு பளிச்சென்று தெரியும். ‘லண்டனுக்கு ஒரு பெட்டி அனுப்பினேன்’ என்பதை ‘டு’ போட்டு எழுதினால் லண்டன் ஊர்தான். ‘டு’ இல்லாமல் ‘ஐ சென்ட் லண்டன் எ பாக்ஸ்’ என்றால் லண்டனில் உள்ள அலுவலகத்து ஆட்கள் என்று பொருள் வந்துவிடும். ஊர் பெறாது, ஆட்கள்தான் பெறுவார்கள். வரிசையை மாற்றி ஆங்கிலம் செய்வதன் ஒரு பகுதியைத் தமிழ் உருபை மாற்றிச் செய்கிறது.

பள்ளியில் ‘எக்ஸ்ப்ளெயின் மீ’ என்று எழுதி எத்தனை முறை சிவப்பு மையில் கோடு வாங்கியிருக்கிறேன்! ‘டெல் மீ’ சரி, ‘எக்ஸ்ப்ளெயின் மீ’ தவறு. ஏன் என்று யாரும் சொன்னதில்லை, மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். ஆங்கிலத்தின் பழைய ஜெர்மானியச் சொற்கள் ஆளைப் பக்கத்தில் சேர்த்துக்கொள்கின்றன. லத்தீன், பிரெஞ்சு வழியாக வந்த நீளமான வினைகள் பெரும்பாலும் சேர்ப்பதில்லை, ‘டு’ கேட்கின்றன. விதிவிலக்குகள் உண்டு, ‘ஆஃபர்’, ‘பிராமிஸ்’ போல. முதல் அசையில் அழுத்தம் விழும் சொல் உள்ளூர்ச் சொல்லைப் போலக் காதுக்குப் படுகிறது என்று ஒரு விளக்கம் உண்டு. எனக்கு அது நியாயமாகத் தோன்றுகிறது. தமிழில் ‘எனக்குச் சொல்’, ‘எனக்கு விளக்கு’ இரண்டும் ஒரே அமைப்பு. அந்தக் குழந்தைப் பருவத் தவறு சோம்பலால் வந்ததல்ல, தாய்மொழியின் நேர்மையான கணக்கு.

8 ஜூன், சற்று நேரம் கழித்து

‘சொல்’ என்ற வினையைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. ‘அவனிடம் சொன்னேன்’, ‘அவனுக்குச் சொன்னேன்’ இரண்டும் உண்டு. ‘ஊரே அறிந்த விஷயம், எனக்குச் சொல்லவே இல்லையே’ என்று வருத்தப்படும்போது கு. எனக்குச் செய்தி வந்து சேரவில்லை என்பதுதான் அந்த வருத்தம். ‘என்னிடம் சொல்லாதே, அவரிடம் போய்ச் சொல்’ எனும்போது இடம். அங்கே பேச்சு யார் முன்னால் நடக்கிறது என்பதே விஷயம். காட்டு என்பதற்கும் இதே கதை: ‘குழந்தைக்கு நிலாவைக் காட்டினாள்’, ஆனால் ‘சீட்டை அவரிடம் காட்டு’.

10 ஜூன்

உலக மொழிகளில் இது எப்படி இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். மொழியியலாளர் மார்ட்டின் ஹாஸ்பெல்மாத், கொடு என்ற ஒரே வினையை வைத்து 378 மொழிகளை ஒப்பிட்டிருக்கிறார். ஏறக்குறைய பாதி மொழிகள் தமிழின் வழியில் போகின்றன: பொருளுக்குச் சாதாரணச் செயப்படுபொருளின் கோலம், பெறுபவருக்குத் தனி அடையாளம். ஆங்கிலத்தைப் போல இரண்டையும் ஒன்றாக நடத்துபவை இதைவிட மிகக் குறைவு. கேள்வி கேட்டவர் ஆங்கிலத்தை அளவுகோலாக வைத்துத் தமிழில் குறை பார்த்தார். எண்ணிக்கையில் பார்த்தால் பெரிய கூட்டத்தில் நிற்பது தமிழ்தான்.

என்னை அதிகம் வியக்க வைத்தது மூன்றாவது வகை. அதில் பெறுபவர்தான் செயப்படுபொருளின் இடத்தில் உட்காருகிறார், கொடுக்கப்படும் பொருள் ஓரத்துக்குப் போய்விடுகிறது. ‘அவனைப் பார்த்தேன்’, ‘அவனைக் கொடுத்தேன் புத்தகம்’ என்பது போல. 1986இல் மொழியியலாளர் மேத்யூ டிரையர் எழுதிய கட்டுரை இந்த வகைக்கு ஒரு சட்டகம் தந்தது: நேர்ச் செயப்படுபொருள், மறைமுகச் செயப்படுபொருள் என்று மட்டும் பிரிக்காமல், சில மொழிகளில் முதன்மைச் செயப்படுபொருள், இரண்டாம் செயப்படுபொருள் என்று பிரிக்க வேண்டும் என்றார்.

சுவாஹிலியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘அலினியோனா’ என்றால் என்னைப் பார்த்தான். ‘அலினிப்பா கிட்டாபு’ என்றால் எனக்குப் புத்தகம் கொடுத்தான். இரண்டிலும் நடுவில் இருக்கும் ‘நி’ நான்தான், அதே வடிவம். பார்க்கப்பட்டவனுக்கும் பெற்றவனுக்கும் வினைக்குள் ஒரே நாற்காலி. செயப்பாட்டில் ‘நிலிப்பேவா கிட்டாபு’ என்று நானே எழுவாய் ஆகிவிடலாம். எழுது என்ற ‘ஆண்டிக்கா’வை ‘ஆண்டிக்கியா’ என்று மாற்றினால் ஒருவருக்கு எழுது என்றாகும். பெறுபவருக்கு இடம் ஒதுக்க வினையே தன்னை நீட்டிக்கொள்கிறது.

11 ஜூன்

நேற்றைய கடைசி வரியை எழுதிய பிறகு தோன்றியது. தமிழும் வினையை நீட்டுகிறது, வேறு விதமாக. எழுதிக்கொடு, வாங்கிக்கொடு, திறந்துகொடு, கற்றுக்கொடு. ‘அவளுக்குப் படித்தான்’ தடுக்கிறது, ‘அவளுக்குப் படித்துக்கொடுத்தான்’ உடனே சரியாகிறது. பெறுபவர் ஒருவரை உள்ளே அழைத்துவர, கொடு என்ற வினையைத் துணைக்குக் கூப்பிடுகிறோம். பயன் தன்னிடமே திரும்பினால் கொள்: எழுதிக்கொண்டான். கொடு, கொள் இரண்டும் வாசலின் இரு பக்கங்களில் நிற்கின்றன.

13 ஜூன்

இப்போது தா. இதைப் பற்றி எழுதத்தான் ஒரு வாரமாகக் காத்திருந்தேன்.

தொல்காப்பியம் கிளவியாக்கம் என்ற இயலில் செலவு, வரவு, தரவு, கொடை என்ற நான்கையும் சேர்த்துப் பேசுகிறது. அதில் ‘தருசொல் வருசொல் ஆயிரு கிளவியும் தன்மை முன்னிலை ஆயீரிடத்த’ என்கிறது. தா, வா இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும். அடுத்து ‘ஏனை இரண்டும் ஏனை இடத்த’. செல், கொடு இரண்டும் படர்க்கைக்கு. எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான். பெறுபவர் யார் என்பதைப் பொறுத்து வினையின் வேரே மாறுகிறது.

வா-வோடு தா-வைக் கட்டியது எவ்வளவு கூர்மையான கவனிப்பு! ‘நான் உன் வீட்டுக்கு வருகிறேன்’ என்கிறோம், ‘நான் அவன் வீட்டுக்குப் போகிறேன்’ என்கிறோம். என் பக்கமும் உன் பக்கமும் வா, மூன்றாமவர் பக்கம் போ. தா-வும் அப்படியே. கன்னடத்திலும் தெலுங்கிலும் தா-வின் உறவுச் சொற்களுக்குக் கொண்டுவா என்ற பொருள்தான் என்பதும் இதோடு ஒத்துப்போகிறது. தா என்பது பொருளின் வருகை.

மலையாளத்தில் இது இன்றும் உயிரோடு இருக்கிறது. ‘எனிக்கு தந்நு’, ‘அவனு கொடுத்து’. மாற்றிச் சொன்னால் மலையாளிக்கு உறுத்தும். மொழியியலாளர் பெர்னார்ட் காம்ரி 2003இல் இந்த நிகழ்வைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார், அதில் மலையாளத்துக்கும் இடம் உண்டு. நாம் தொலைத்துவிட்டோம் என்று சொல்ல மாட்டேன், தேய்ந்துவிட்டது. ‘அவனுக்குத் தந்தான்’ இன்று யாருக்கும் தவறாகப் படுவதில்லை. ஆனால் ஏவலில் என் காது இன்னும் பழைய விதியைக் கேட்கிறது. ‘எனக்குத் தா’ இயல்பு, ‘அவனுக்குத் தா’ என்னால் சொல்ல முடியவில்லை, ‘அவனுக்குக் கொடு’ என்றே வருகிறது.

13 ஜூன், இரவு

எழுதி முடித்தபின் தொல்காப்பியத்தின் வேறோர் இடம் நினைவுக்கு வந்து தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. எச்சவியலில் ஈ, தா, கொடு மூன்றும் கேட்டு வாங்கும் சொற்கள் என்று வருகிறது. ஈ என்பது இழிந்தோன் கூற்று, தா என்பது ஒப்போன் கூற்று, கொடு என்பது உயர்ந்தோன் கூற்று. உயர்ந்தவன் தனக்காகக் கேட்கும்போது ‘எனக்குக் கொடு’ என்பானாம். ஆனால் கொடு படர்க்கைக்கு உரியது என்று கிளவியாக்கம் சொன்னதே? ஒரே நூல் இரண்டு விதமாகச் சொல்கிறதா? காலையில் பார்க்கிறேன்.

14 ஜூன்

விடை அந்த இடத்திலேயே, அடுத்த நூற்பாவில் இருக்கிறது. ‘கொடு என் கிளவி படர்க்கை ஆயினும் தன்னைப் பிறன்போல் கூறும் குறிப்பின் தன்னிடத்து இயலும்’.

கொடு படர்க்கைச் சொல்தான். உயர்ந்தவன் கேட்கும்போது தன்னையே இன்னொருவனாக வைத்துப் பேசுகிறான், அதனால் அது அவனுக்குப் பொருந்துகிறது. எனக்கு என்று கை நீட்டுவதில்லை, அங்கே இருக்கும் ஒருவருக்குக் கொடு என்பது போன்ற தொலைவு. முரண் என்று நான் நினைத்ததை அவர்கள் முன்பே பார்த்து, விதியை மாற்றாமல், பேசுபவரின் மனநிலையால் விளக்கியிருக்கிறார்கள். இத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்னால் ஒருவர் இந்தச் சிறு வினையின் முன் இப்படி உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்பதை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

14 ஜூன், மாலை

ஜப்பானிய மொழியைப் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், நெருங்கிய உறவினர் போலத்தான் இருக்கிறது. ‘அகெரு’ என்னிடமிருந்து வெளியே போகும் கொடை. ‘குரெரு’ என் பக்கமோ என்னைச் சேர்ந்தவர் பக்கமோ வரும் கொடை. என் தங்கைக்கு யாரோ தந்தால் அதுவும் குரெரு. அங்கே கோடு ‘நான், என்னவர்’ என்பதைச் சுற்றி விழுகிறது. நம் தா ‘நான், நீ’ இருவரையும் சுற்றிக் கோடு போடுகிறது. பேச்சில் கலந்துகொள்பவர்கள் உள்ளே, மற்றவர்கள் வெளியே.

நம் வினைமுடிவு எழுவாயை மட்டுமே சொல்கிறது. கொடுத்தேன் என்றால் கொடுத்தவன் நான், யாருக்கு என்று முடிவில் தெரியாது. பாஸ்க் மொழியில் தெரியும். ‘எமன் திசுட்’ என்ற இரண்டே சொற்களில் நான், உனக்கு, அதை என்ற மூன்று பேரும் அடங்கிவிடுகிறார்கள். முடிவில் பெறுபவரைக் காட்ட வழியில்லாத தமிழ், வேரை மாற்றி அவரைக் காட்டியிருக்கிறது.

பாப்புவா நியூகினியில் அமேலே என்ற மொழியில் கொடு என்பதற்கு வேர்ச்சொல்லே கிடையாது. யாருக்கு, யார், எப்போது என்ற ஒட்டுகள் மட்டும் அடுத்தடுத்து வரும், வினை இருக்க வேண்டிய இடம் காலி. ஆட்களை அடுக்கினாலே கொடுத்தல் புரிந்துவிடுகிறது.

15 ஜூன்

சிறு குறிப்பு. சைகை மொழிகள் பலவற்றில் கொடு என்ற வினை கொடுப்பவர் இருக்கும் இடத்திலிருந்து புறப்பட்டுப் பெறுபவர் இருக்கும் இடத்தில் முடியும் ஒரு கையசைவு. யார், யாருக்கு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அசைவின் இரு முனைகளும் சொல்லிவிடும். பெறுதல் வேறு, திசை வேறு என்று முதல் நாள் நான் அடித்துச் சொன்னதை இது கொஞ்சம் அசைக்கிறது. அங்கே திசையும் பெறுதலும் ஒரே அசைவு. தமிழைப் பற்றி மட்டுமே நான் பேசினேன் என்று வரம்பு போட்டுக்கொள்கிறேன்.

17 ஜூன்

இப்போது கேள்வியின் முதல் பாதி. தமிழில் இரண்டு செயப்படுபொருள் ஏற்கும் வினையே இல்லையா?

‘என்னை ஒரு கேள்வி கேட்டார்.’

அவ்வளவுதான், இருக்கிறது. என்னை என்பதில் ஐ வெளிப்படை, கேள்வி என்பதும் செயப்படுபொருள். ‘என்னை அந்தக் கேள்வியைக் கேட்காதே’ என்று இரண்டு ஐ-யோடும் சொல்லலாம், என் காதுக்குத் தடை இல்லை. ‘என்னிடம் கேள்வி கேட்டார்’ என்பதும் உண்டு. ஆனால் ‘என்னை’ என்றால் அந்தக் கேள்வி என் மேல் பாய்கிறது.

‘ஆட்டைத் தோல் உரித்தான்’, ‘மரத்தைப் பட்டை உரித்தான்’ என்பவையும் இதே வகை. முழுமையும் உறுப்பும் சேர்ந்து வரும்போது ஐ எங்கே நிற்க வேண்டும் என்று பழைய இலக்கணமே விதி சொல்லியிருக்கிறது: யானையைக் கோட்டின்கண் குறைத்தான், அல்லது யானையது கோட்டைக் குறைத்தான். (கோடு என்றால் தந்தம், குறைத்தான் என்றால் வெட்டினான்.)

சமஸ்கிருத இலக்கண ஆசிரியர் பாணினி இதற்குத் தனிச் சூத்திரமே வைத்திருக்கிறார், அவர் நூலில் 1.4.51 என்ற எண்ணுள்ளது. அதையொட்டி வந்த மரபின் பட்டியலில் கற, கேள், இர, சொல், கற்பி, திருடு, நடத்திச் செல் போன்ற வினைகள் உண்டு. பசுவைப் பாலைக் கறக்கிறான் என்பது அங்கே புகழ்பெற்ற உதாரணம். வியப்பு என்னவென்றால் அந்தப் பட்டியலில் கொடு இல்லை. கொடுத்தலின் பெறுபவருக்கு 1.4.32 தனி இடம் தருகிறது. ஆங்கிலத்தில் இருசெயப்படுபொருள் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது கொடுப்பது. சமஸ்கிருதத்தில் கறப்பதும் கேட்பதும், தமிழில் கேட்பதும் உரிப்பதும். பலவும் ஒருவரிடமிருந்து எதையோ எடுக்கும் வினைகள்! ஆக கேள்வி கேட்டவருக்கு என் பதில்: கொடு இரண்டு செயப்படுபொருள் ஏற்பதில்லை, சரி. தமிழில் அப்படிப்பட்ட வினையே இல்லை என்பது சரியல்ல.

18 ஜூன்

எடுப்பது என்றதும் இரண்டு மொழிகள் நினைவுக்கு வந்தன. ஜெர்மனில் ‘என் புத்தகத்தைத் திருடினான்’ என்பதை ‘எனக்குப் புத்தகத்தைத் திருடினான்’ என்ற உருபோடு சொல்வார்கள், இழந்தவன் நான் என்ற பொருளில். தமிழில் அப்படிச் சொன்னால் எனக்காகத் திருடினான் என்றாகி நானும் குற்றவாளி ஆகிவிடுவேன். நம் கு-வில் கை நீட்டிப் பெறும் திசை அவ்வளவு அழுத்தம்.

சீன மொழியில் ‘ஜியே’ என்ற வினை கடன் கொடுப்பதும் ஆகும், கடன் வாங்குவதும் ஆகும். ‘வோ ஜியே லே தா யி பென் ஷூ’ என்றால் அவனுக்கு ஒரு புத்தகம் இரவல் கொடுத்தேன், அல்லது அவனிடமிருந்து ஒரு புத்தகம் இரவல் வாங்கினேன். சூழலை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். இரண்டு பெயர்களும் உருபில்லாமல் அடுத்தடுத்து நின்றால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வாக்கியம் மட்டும் சொல்லாது.

20 ஜூன்

ஒரு வாசகர் நல்ல எதிர்வாதம் வைத்திருக்கிறார். கு என்றால் பெறுதல் என்கிறீர்கள், ‘எவ்வளவோ கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டான்’ என்கிறோமே, அங்கே யார் பெற்றார்?

உண்மை. தமிழில் கொடுத்தேன் என்பது நீட்டினேன் என்ற அளவிலும் நிற்கும். ‘அவனுக்குப் பணம் கொடுத்தேன், அவன் வாங்கவில்லை’ என்பதில் முரண் இல்லை. பாணினியின் அந்த 1.4.32 இங்கே உதவுகிறது: செயப்படுபொருளைக் கொண்டு ஒருவன் யாரை நாடுகிறானோ அவன். நாடுவதுதான் அங்கே அளவு, கை மாறி முடிவது அல்ல. நானும் 4ஆம் தேதி எழுதியதைத் திருத்துகிறேன்: ஆளோடு கு வந்தால் அவர் பெறுபவராக நினைக்கப்படுகிறார்.

நம் இலக்கண மரபு பெறுபவரைக் கேட்டு ஏற்பவர், கேளாது ஏற்பவர், ஏலாது ஏற்பது என்று பிரித்ததும் இதைப் பார்த்துத்தான் என்று தோன்றுகிறது. கடைசிப் பிரிவு உயிரில்லாதவற்றுக்குப் பொருந்துகிறது. ‘சுவருக்கு வண்ணம் அடித்தான்’ என்கிறோம். சுவர் கை நீட்டாது, ஏற்காது, ஆனாலும் வண்ணம் சுவருடையதாகிறது, முழுச் சுவரும் நிறம் மாறுகிறது. ‘சுவரில் வண்ணம் அடித்தான்’ என்றால் எங்கோ ஒரு மூலையில் கொஞ்சம் பட்டிருக்கலாம்.

லத்தீனில் இதே போல ஒரே வினைக்கு இரண்டு வழி உண்டு. ‘தோனோ’ என்ற வினையை உனக்கு நூலை அளிக்கிறேன் என்றும் சொல்லலாம், உன்னை நூலால் சிறப்பிக்கிறேன் என்ற அமைப்பிலும் சொல்லலாம். இரண்டாவதில் பெறுபவர் முழுமையாக மாற்றம் அடைபவர் ஆகிறார்.

21 ஜூன்

செயப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. ஆங்கிலத்தில் பெறுபவரே எழுவாய் ஆகலாம். தமிழில் ‘எனக்குப் புத்தகம் கொடுக்கப்பட்டது’, புத்தகம்தான் எழுவாய், எனக்கு அசைவதில்லை. ஜெர்மனிலும் அப்படியே, ஆனால் அவர்கள் பெறு என்ற வினையைத் துணையாக்கிப் பெறுபவரை எழுவாய் ஆக்கும் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். தமிழிலும் ‘அவர் பட்டம் வழங்கப்பெற்றார்’ என்று மேடைப் பேச்சில் எப்போதாவது காதில் விழுகிறது. முன்பு இதைத் தவறு என்று திருத்தியிருக்கிறேன். இப்போது அந்த வாக்கியத்தின் மேல் மரியாதை வந்திருக்கிறது.

24 ஜூன்

மூன்று வாரமாகக் கண்ணெதிரே இருந்ததை இன்றுதான் பார்த்தேன்.

‘விண்ணப்பத்தை அலுவலகத்தில் கொடுத்தேன்.’ ‘நிலத்தைப் பள்ளிக்குக் கொடுத்தார்.’ அலுவலகம், பள்ளி இரண்டுமே உயிரில்லாதவை. பள்ளி நிலத்தைப் பெறுகிறது, அதனால் கு. அலுவலகத்தில் காகிதத்தைச் சேர்ப்பிக்கிறேன், அதனால் இல். ‘அலுவலகத்தில் கொடு’ என்பதற்கு நேரான ஆள் வடிவம் எது? ‘அவரிடம் கொடு’. இடப்பெயருக்கு இல் எப்படியோ, ஆளுக்கு இடம் அப்படி. அலுவலகத்தில் இருக்கிறது, அவரிடம் இருக்கிறது. வீட்டுக்குப் போனேன் என்பதற்கு நேர், அவரிடம் போனேன்.

ஆளை ஓர் இடமாகப் பார்க்கும் உருபு தமிழில் இருக்கத்தான் செய்கிறது. அந்த உருபின் பெயரே இடம். எழுத்தில் எழுதிக் காட்டியிருக்கிறது, நான் பார்க்கவில்லை. பேச்சில் ‘அவன்கிட்ட கொடு’ என்கிறோம், கிட்ட என்றால் அருகில். கேள்வி கேட்டவர் பார்த்தது சரியான விஷயம், கை வைத்தது பக்கத்து உருபில். தமிழ் ஆளை இடமாகவும் பார்க்கிறது, பெறுபவராகவும் பார்க்கிறது. இரண்டுக்கும் தனித்தனி உருபு வைத்திருக்கிறது.

25 ஜூன்

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: ‘அப்படியானால் கடவுளிடம் கேட்டேன், கடவுளுக்குக் கொடுத்தேன் என்கிறோமே, கடவுளிடம் கொடுத்தேன் என்று ஏன் சொல்வதில்லை?’

சொல்வதுண்டு. யாராவது இறந்தால் என் பாட்டி ‘அவனிடம் கொடுத்துவிட்டோம்’ என்றுதான் சொல்வாள். ‘அவனுக்கு’ என்று அவள் சொல்லிக் கேட்டதில்லை.